ராட்டினம் ஏறாத ஆச்சி

(எபிசோடின் ஒலிப்பதிவைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தி இங்கே தந்திருக்கிறோம்.)

இன்னைக்குக் கதை ஒரு டப்பா முந்திரிக்கொத்துல ஆரம்பிக்குது.

எனக்கு அப்ப பத்து வயசு இருக்கும். பெரிய லீவு. நாகர்கோவில்ல இருந்து வேன் பிடிச்சு, சித்தப்பா, சித்தி, மாமா, மைனி, பிள்ளைங்க, எங்க ஆச்சின்னு பதினோரு பேர் ஒரு தீம் பார்க்குக்குப் போனோம். எந்தப் பார்க்குன்னு சொல்லப் போறதில்ல. எல்லா ஊர்லயும் நடக்கிற கதைதான் இது. ஆச்சி வீட்டுல இருந்தே முந்திரிக்கொத்து செஞ்சு ஒரு பெரிய டப்பால எடுத்துட்டு வந்திருந்தா. வெளிச்சாப்பாடு உள்ள கொண்டுபோகக் கூடாதுன்னு கேட்லயே அத வாங்கி வச்சுட்டாங்க. அதுக்கப்புறம் டிக்கெட் கவுண்டர். ஆச்சிக்கும் முழு டிக்கெட். "நான் ஒண்ணுலயும் ஏற மாட்டேனே மக்கா, எனக்கு எதுக்குடே சீட்டு?"ன்னு கேட்டா. கவுண்டர்ல இருந்தவர்கிட்ட அதுக்குப் பதில் இல்ல.

அன்னைக்கு முழுக்க ஆச்சி ஒரு சிமெண்ட் திண்டுல உக்காந்திருந்தா. நிழல் நகர நகர அவளும் நகர்ந்தா. எங்க பைகளும் செருப்புகளும் அவ காவல்ல. சாயங்காலம் வேன்ல ஏறும்போது "எப்படி ஆச்சி இருந்துச்சு?"ன்னு கேட்டேன். "நல்லா இருந்துது மக்ளே. பத்து சோடி செருப்பும் பத்திரமா இருக்கு"ன்னா.

அடுத்த வருஷம் லீவுக்குப் பார்க் பேச்சு வந்தப்ப அப்பா ஒரே வார்த்தைல முடிச்சுட்டார். "ஆச்சிய வெயில்ல உக்கார வைக்கவா? வேண்டாம்." எல்லாரும் திற்பரப்பு அருவிக்குப் போனோம். அந்தப் பார்க்குக்கு நாங்க திரும்பப் போகவே இல்ல.

யோசிச்சுப் பாருங்க. பதினோரு டிக்கெட் போனது ராட்டினம் சரியில்லன்னு இல்ல. ராட்டினத்துல ஏறாத ஒரு ஆளால. ஒரு வட்டாரத்துப் பூங்காவுக்குக் கூட்டம் குறைஞ்சா, முதலாளிங்க பெரும்பாலும் முதல்ல யோசிக்கிறது, புதுசா என்ன ராட்டினம் இறக்கலாம்னுதான். நான் இன்னைக்குச் சொல்லப் போறது வேற. ஏறாதவங்களுக்கு அங்க என்ன இருக்குன்னு கேட்டாதான் குடும்பங்கள் திரும்பி வரும். இத நான் சும்மா சொல்லல, வரலாறு சொல்லுது. நம்ம ஊர்ல இருந்தே ஆரம்பிப்போம்.

சாமியே குடும்பத்தோட வர்ற திருவிழா

நாஞ்சில் நாட்டுல தீம் பார்க் வர்றதுக்கு எத்தனையோ தலைமுறை முன்னாடியே குடும்பத்தோட வெளிய போற வழக்கம் இருந்துச்சு. அதுக்குப் பேரு திருவிழா.

சுசீந்திரம் தாணுமாலயன் கோவில்ல மார்கழி மாசம் பத்து நாள் திருவிழா. மூணாம் நாள் 'மக்கள்மார் சந்திப்பு'ன்னு ஒண்ணு நடக்கும். கோட்டார்ல இருந்து பிள்ளையாரும், வேளிமலைல இருந்தும் மருங்கூர்ல இருந்தும் முருகனும் தாய் தகப்பனைப் பாக்க சுசீந்திரத்துக்கு வருவாங்க. சாமியே பிள்ளைங்களா வந்து சேர்ற விழா அது. ஒன்பதாம் நாள் தேரோட்டம். அன்னைக்கு ராத்திரி சப்தாவர்ணத்துல, பெத்தவங்களப் பிரிய மனசில்லாம அந்தச் சாமிங்க தயங்கித் தயங்கிக் கிளம்புறதா ஐதீகம். லீவு முடிஞ்சு ஆச்சி வீட்டுல இருந்து கிளம்புற பிள்ளைங்கள நினைச்சுக்கோங்க, அதேதான்.

கோட்டார்ல புனித சவேரியார் கோவில் திருவிழா, நவம்பர் 24ல தொடங்கி டிசம்பர் 3 வரைக்கும். மாசி மாசம் மண்டைக்காட்டுக் கொடை. இதுபோக நாகர்கோவில் அனாதை மடம் மைதானத்துல பொருட்காட்சி. ஜெயன்ட் வீல், டோரா டோரா, டெல்லி அப்பளம், மரணக் கிணறு எல்லாம் அங்கதான் நம்மள்ல பலபேர் முதல்ல பாத்தோம்.

இந்த விழாக்கள்ல மூணு விஷயத்தக் கவனிங்க. ஒண்ணு, திருவிழாவுக்குள்ள போகக் காசு கிடையாது. பொருட்காட்சின்னாலும் வாசல்ல சின்னத் தொகைதான். எதுல ஏறுறியோ அதுக்கு மட்டும் தனியாக் குடு. ரெண்டு, எல்லா வயசுக்கும் ஒரு வேலை இருந்துச்சு. பாட்டாவுக்குக் கச்சேரி, ஆச்சிக்கு வளையல் கடையும் பழைய சிநேகிதியும், பிள்ளைங்களுக்கு ராட்டினம், இளவட்டங்களுக்குச் சும்மா சுத்துறது. மூணு, வருஷா வருஷம் அதே நாள்ல வரும். போகணுமா வேண்டாமான்னு வீட்டுல விவாதமே கிடையாது.

திருவனந்தபுரத்து மிருகக்காட்சி சாலை

1956 நவம்பர் 1 வரைக்கும் நம்ம பகுதி திருவிதாங்கூரோட, அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சியோட இருந்துச்சு. அன்னைக்குத்தான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடுன்னு நாலு தாலுகா சென்னை மாகாணத்தோட சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆச்சு. எல்லை மாறினாலும் சுற்றுலா மாறல. நாகர்கோவில் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு 'டூர்'னா இன்னமும் பாதிப்பேருக்கு திருவனந்தபுரம்தான். சுமார் 70 கிலோமீட்டர்.

அங்க 1857ல அருங்காட்சியகமும் 1859ல மிருகக்காட்சி சாலையும் ஏற்படுத்தினாங்க. இந்தியாவோட பழமையான மிருகக்காட்சி சாலைகள்ல அது ஒண்ணு. 1880ல ராபர்ட் சிஷோம் வடிவமைச்ச நேப்பியர் மியூசியம் கட்டடம் வந்துச்சு. சுத்திலும் மரம், புல்வெளி, பெஞ்சு. அந்த வளாகத்துக்கு எப்பப் போனாலும் பாருங்க, ஒரு குடும்பம் துணி விரிச்சுக் கட்டுச்சோத்தப் பிரிச்சுட்டு இருக்கும். புலியப் பாக்க நடக்க முடியாத ஆச்சி மரத்தடில உக்காந்திருப்பா. ஆனா அவ காவலுக்கு உக்காந்திருக்கல. அவளும் டூருக்கு வந்திருக்கா. அந்த வித்தியாசம்தான் இந்த எபிசோடே.

ஒரு அப்பாவும் ஒரு பெஞ்சும்

இப்பக் கொஞ்சம் தூரம் போவோம், அமெரிக்காவுக்கு. வால்ட் டிஸ்னி தன் ரெண்டு மகள்களையும் லாஸ் ஏஞ்சலிஸ்ல கிரிஃபித் பார்க் ராட்டினத்துக்குக் கூட்டிட்டுப் போவார். பிள்ளைங்க சுத்துவாங்க, இவர் பெஞ்சுல உக்காந்து பாத்துட்டே இருப்பார். பெத்தவங்களும் பிள்ளைங்களும் சேர்ந்து சந்தோஷப்படுற மாதிரி ஒரு இடம் ஏன் இல்லன்னு அவருக்குத் தோணினது அங்கதான்னு அவரே பின்னாடி சொல்லியிருக்கார். அப்படி வந்ததுதான் 1955ல திறந்த டிஸ்னிலேண்ட். இன்னைக்கு உலகமே காப்பியடிக்கிற தீம் பார்க்கோட விதை, ராட்டினத்துல ஏறாம பெஞ்சுல உக்காந்திருந்த ஒரு ஆளோட சலிப்பு.

அந்த டிஸ்னிலேண்ட்லயே ஆரம்பத்துல நுழைவுக் கட்டணம் தனி, ராட்டினத்துக்கு டிக்கெட் தனி. ஏ, பி, சின்னு தரம் பிரிச்ச டிக்கெட் புத்தகமே இருந்துச்சு. 1982லதான் அத முழுசா விட்டுட்டு ஒரே கட்டணத்துக்கு மாறினாங்க. ஒரே கட்டணத்துல முதலாளிக்கு நிம்மதி. மழை வந்தாலும், ஏறினாலும் ஏறாட்டாலும், காசு கேட்லயே வந்துரும். வாலிபப் பசங்களுக்கும் கொண்டாட்டம், பத்து தடவ ஏறலாம். நஷ்டம் யாருக்கு? ஏறாதவங்களுக்கு.

இந்தியாவுக்கு வந்தா, 1984ல டெல்லில அப்பு கர், 1989ல மும்பைல எஸ்ஸல் வேர்ல்டு. 1995ல தாம்பரம் பக்கத்துல கிஷ்கிந்தா. அத உருவாக்கினவர் நவோதயா அப்பச்சன். இந்தியாவோட முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்தவர். ஒரு சினிமாக்காரரோட கற்பனைல வந்த பூங்கா. தொண்ணூறுகள்ல வளர்ந்த தமிழ்நாட்டுப் பிள்ளைங்களுக்கு அந்தப் பேரே ஒரு மந்திரம். 2000ல கொச்சி பக்கம் கொச்சவுசேப் சிட்டிலப்பள்ளி வீகாலேண்ட் திறந்தார். இப்ப அதுக்குப் பேரு வொண்டர்லா. அதோட நம்ம ஊர் வேன்களும் வடக்க கொச்சி வரைக்கும் ஓட ஆரம்பிச்சுச்சு.

ஏன் போறதை நிறுத்தினாங்க?

அப்பு கர் 2008ல மூடிருச்சு. கிஷ்கிந்தாவுல 2016 மே மாசம் ஒரு ராட்டினத்தோட சோதனை ஓட்டத்துல விபத்து நடந்து ஒரு ஊழியர் இறந்தார், பல பேருக்குக் காயம். அந்தப் பேருக்கு இருந்த பழைய களை அதுக்கப்புறம் திரும்பல. 2025 மே மாசம் சென்னை ஈசிஆர்ல இன்னொரு பூங்காவுல ராட்டினம் நடுவானத்துல நின்னு போய், தீயணைப்பு வீரர்கள் வந்து ஆட்களை இறக்கினாங்க. அந்த வீடியோ நாகர்கோவில் வரைக்கும் எல்லா வாட்ஸ்அப் குரூப்புலயும் வந்துச்சு. இங்க ஒரு உண்மை இருக்கு. ராட்டினத்துல ஏறலாமான்னு முடிவு பண்றது பிள்ளைங்க இல்ல. கீழ நின்னு அண்ணாந்து பாக்கிற அம்மா. துருப்பிடிச்ச கம்பியும் பெயிண்ட் போன சீட்டும் முதல்ல படுறது அவங்க கண்ணுலதான்.

ரெண்டாவது, காசு. 2017ல ஜிஎஸ்டி வந்தப்ப இந்தப் பூங்காக்களுக்கு 28 சதவீதம் போட்டாங்க, அப்புறம் 2018 ஜனவரில 18 ஆக் குறைச்சாங்க. வரிய விடுங்க, ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு பேச்சுக்கு டிக்கெட் 700 ரூபாய்னு வைங்க. ஏழு பேர் குடும்பம், 4,900 ரூபாய். அதுல தாத்தா, பாட்டி, கைக்குழந்தையோட இருக்கிற அம்மா மூணு பேரும் எதுலயும் ஏற மாட்டாங்க. அப்ப 2,100 ரூபாய் சும்மா உக்காந்திருக்கக் குடுத்த காசு. அந்தக் காசுக்கு அவங்களுக்குக் கிடைச்சது ஒரு சிமெண்ட் திண்டு. வீட்டுல அடுத்த தடவ பேச்சு எடுக்கும்போது கையெழுத்து போட மாட்டேங்கிறது இந்த மூணு பேர்தான்.

மூணாவது, நம்ம மாவட்டத்துக்கே உள்ள சிக்கல். இங்க ரெண்டு பருவமழையும் உண்டு. ஜூன்ல ஒண்ணு, அக்டோபர்ல இன்னொண்ணு. நீர் விளையாட்டை மட்டும் நம்பின பூங்காவுக்கு வருஷத்துல பாதி போயிரும். அதுபோக, காசே கேக்காத, இல்லன்னா ரொம்பக் கம்மியாக் கேக்கிற போட்டியாளர்கள் சுத்திலும் இருக்காங்க. திற்பரப்பு அருவி, முட்டம் கடற்கரை, உதயகிரிக் கோட்டை. காமராஜர் காலத்துல திட்டமிட்டு 1966ல முடிஞ்ச மாத்தூர் தொட்டிப்பாலம் விவசாயத்துக்குத் தண்ணி கொண்டுபோகக் கட்டினது. 100 அடிக்கு மேல உயரத்துல அதுமேல நடந்து போகவே குடும்பம் குடும்பமா வர்றாங்க. அங்க ஒரு ராட்டினமும் கிடையாது.

பெரிய ராட்டினம் வச்சு ஜெயிக்கலாம்னா, அந்தப் பக்கமும் வழி இல்ல. 2025 டிசம்பர்ல சென்னை திருப்போரூர் பக்கம் வொண்டர்லா திறந்தாங்க. சுமார் 600 கோடி ரூபாய் முதலீடு, 64 ஏக்கர். ஒரு மாவட்டத்துப் பூங்கா அந்தப் பந்தயத்துல ஓடினா கடன்தான் மிஞ்சும்.

தோத்துப்போன ஒரு மிருகக்காட்சி சாலை ஜெயிச்ச கதை

சரி, மீண்டு வந்தவங்க யாராவது இருக்காங்களா? இருக்காங்க. ஜப்பான்ல வடக்குக் கோடில அசாஹிகாவான்னு ஒரு ஊர். அங்க 1967ல திறந்தது அசாஹியாமா மிருகக்காட்சி சாலை. நகராட்சி நடத்துறது. பாண்டா மாதிரி அபூர்வ மிருகம் எதுவும் இல்ல. தொண்ணூறுகள்ல ஒரு தொற்றுநோய் வந்து சில மிருகங்கள் செத்து, கொஞ்ச நாள் மூடவேண்டியதாச்சு. 1996ல வருஷத்துக்கு சுமார் 2.6 லட்சம் பேர்தான் வந்தாங்க. இழுத்து மூடிரலாமான்னு பேச்சு வந்துச்சு.

காசு இல்லாத அந்தக் காலத்துல அவங்க செஞ்சது என்ன தெரியுமா? மிருகங்களுக்குச் சாப்பாடு போடுற ஊழியர்களே கூண்டு முன்னாடி வந்து நின்னு, வந்தவங்ககிட்டப் பேச ஆரம்பிச்சாங்க. இந்தக் குரங்கு ஏன் இப்படிப் பண்ணுது, இந்தக் கரடிக்கு எது பிடிக்கும்னு. கையால எழுதின பலகை வச்சாங்க. நம்ம மிருகக்காட்சி சாலை எப்படி இருக்கணும்னு அவங்களே உக்காந்து படம் வரைஞ்சு வச்சாங்க. பின்னாடி பணம் வந்தப்ப அந்தப் படங்கள்தான் கட்டடமா மாறுச்சு. தலைக்கு மேல பென்குயின் நீந்துற மாதிரி கண்ணாடிக் குகை, குளிர்காலத்துல பென்குயின்கள் பனில ஊர்வலமா நடக்கிறது. ஆள் வராத குளிர்காலமே அவங்க சீசன் ஆயிருச்சு. பத்து வருஷத்துல வருஷத்துக்கு 30 லட்சம் பேர். அந்த ஊரோட மக்கள்தொகையே நாலு லட்சத்துக்குக் கீழதான்.

இன்னொண்ணு அமெரிக்காவுல, பென்சில்வேனியா மாநிலத்துல நோபல்ஸ்னு ஒரு குடும்பத்துப் பூங்கா. 1926ல இருந்து நடக்குது. இன்னைக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது, வண்டி நிறுத்தக் காசு கிடையாது, வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம். ஏறுறதுக்கு மட்டும் டிக்கெட் வாங்கினாப் போதும். கேக்கும்போது அனாதை மடம் மைதானம் ஞாபகம் வருதா? எனக்கு வந்துச்சு.

நாஞ்சில் நாட்டுல ஒரு பூங்கா இருந்தா

இப்ப நம்ம மாவட்டத்துல தள்ளாடுற ஒரு பூங்கா இருக்குன்னு வைங்க. நான் அந்த முதலாளிகிட்ட என்ன சொல்லுவேன்?

முதல்ல, கேட்ட முழுசாத் திறக்கச் சொல்ல மாட்டேன். இலவசம்னா கூட்டமும் ரகளையும் வரும், பொம்பளப் பிள்ளைங்களோட வர்ற குடும்பம் முதல்ல கழண்டுக்கும். அது நியாயமான பயம். அதனால சின்ன நுழைவுக் கட்டணம் வைங்க, ராட்டினத்துக்குத் தனிக் கூப்பன் வைங்க. நாள் முழுக்க ஏறப் போற பசங்களுக்கு முழு டிக்கெட்டும் இருக்கட்டும். ரெண்டும் ஒரே கவுண்டர்ல. ஆச்சி கேட்ட கேள்விக்குக் கவுண்டர்ல ஒரு பதில் இருக்கணும், அவ்வளவுதான்.

அடுத்தது, வீட்டுச் சாப்பாட்டை உள்ள விடுங்க. நிழல் உள்ள இடத்துல சாப்பிட மேசையும், கை கழுவக் குழாயும், சுத்தமான கழிப்பறையும் வைங்க. கேன்டீன் வியாபாரம் போயிரும்னு சொல்லுவாங்க. சாயாவும் ரசவடையும் ஏத்தன்பழ பஜ்ஜியும் சூடாக் குடுத்தா, கட்டுச்சோறு கொண்டு வந்தவங்களும் வாங்காம இருக்க மாட்டாங்க.

பராமரிப்பை ஒளிக்காதீங்க. காலைல ராட்டினத்த ஆள் இல்லாம ஓட்டிப் பாக்கிறீங்கல்ல, அத எல்லாரும் பாக்கிற மாதிரி செய்யுங்க. அன்னைக்கு யார் சோதிச்சாங்க, எப்பச் சோதிச்சாங்கன்னு தமிழ்ல ஒரு பலகைல எழுதி வைங்க. ராட்டினம் ஓட்டுற தம்பி அது எப்படி வேலை செய்யுதுன்னு பிள்ளைங்களுக்கு ரெண்டு நிமிஷம் சொல்லட்டும். அசாஹியாமா ஊழியர்கள் செஞ்சது இதுதான். இதுக்குப் பெரிய முதலீடு தேவையில்ல. அந்தத் தம்பிக்கு ஒழுங்கான சம்பளமும் மரியாதையும் தேவை.

மழையப் பகையா நினைக்காதீங்க. கூரை போட்ட ஒரு அரங்கம் இருந்தா வில்லுப்பாட்டுக்கும் தோல்பாவைக் கூத்துக்கும் இந்த மாவட்டத்துல கலைஞர்கள் இருக்காங்க. பாட்டா தாளம் போடுவார், பேரன் வாயப் பிளந்து பாப்பான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே விஷயத்தப் பாக்கிறது எத்தனை ராட்டினத்துல நடக்கும்?

கடைசியா, வருஷத்துக்கு ஒரு நாள் குறிச்சு வைங்க. திருவிழா மாதிரி. தள்ளிப்போடாத, மாறாத ஒரு நாள். பழக்கம்தான் குடும்பத்தக் கூட்டிட்டு வரும்.

இதெல்லாம் செஞ்சா லாபம் நிச்சயம்னு என்னால சொல்ல முடியாது. சின்ன நுழைவுக் கட்டணத்துல முதல் ரெண்டு வருஷம் கை கடிக்கும். ஆனா இப்ப நடக்கிற வழில போனா முடிவு என்னன்னு நமக்குத் தெரியும்.

ஒரு பாலம்

முடிக்கிறதுக்கு முன்னாடி நம்ம ஊர் உதாரணம் ஒண்ணு. கன்னியாகுமரில விவேகானந்தர் பாறை மண்டபம் 1970ல வந்துச்சு, 133 அடி வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1ல. ஆனா கடல் மட்டம் தாழ்ந்தா சிலைக்குப் படகு போகாது. அவ்வளவு தூரம் வந்தவங்க வள்ளுவரைத் தள்ளி நின்னு பாத்துட்டுத் திரும்புவாங்க. 2024 டிசம்பர் 30ல ரெண்டு பாறைக்கும் நடுவுல 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்தாங்க. இன்னொரு சிலை வைக்கல, இன்னொரு காட்சி சேக்கல. வந்தவங்களோட பழைய ஏமாற்றம் ஒண்ணத் தீத்தாங்க. அந்தப் பாலத்துல நடக்கக் கூட்டம் எப்படி நிக்குதுன்னு போய்ப் பாத்தவங்களுக்குத் தெரியும்.

போன தடவ ஊருக்குப் போனப்ப அம்மாவ அங்க கூட்டிட்டுப் போனேன். அம்மாவுக்கு இப்ப முட்டு வலி. எதுலயும் ஏற மாட்டாங்க, கிட்டத்தட்ட அன்னைக்கு ஆச்சி இருந்த வயசு. பாலத்துக்கு நடுவுல கண்ணாடி மேல நின்னு, கீழ அலையப் பாத்து, என் கையை இறுக்கிப் பிடிச்சுட்டுச் சிரிச்சாங்க. ஆச்சி இருந்திருந்தா அவளும் வந்திருப்பாளேன்னு சொன்னாங்க. அன்னைக்கு யாரும் செருப்புக்குக் காவல் உக்காரல.

உங்க வீட்டுல பைக்குக் காவல் உக்காந்த ஆள் யாரு? அவங்ககிட்டக் கேளுங்க, அன்னைக்கு என்ன இருந்திருந்தா அவங்களுக்கும் நல்லா இருந்திருக்கும்னு. அவங்க குரல்லயே பதிவு பண்ணி எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம். வரட்டா மக்களே.